ஆசனத்தின் அகலத்தைக் காசு வாங்க முதலே சொல்லுங்கள்

கட்டுநாயக்கவில் இருந்தும் பலாலியில் இருந்தும் ஆட்களை ஏற்றிப் பறக்கும் விமான நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

உடம்பு பெரிது என்று கவுண்டரில் வைத்து என்னை இரண்டாவது ஆசனம் வாங்கவைத்ததைப் பற்றி நான் செய்த முறைப்பாட்டுக்கு, உங்களில் ஒரு நிறுவனம் அனுப்பிய பதில் இப்போது என் மேசையில் இருக்கிறது. ஊழியர்கள் பயண நிபந்தனைகளின்படியே நடந்தார்களாம். கூடுதல் ஆசனத்துக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர முடியாதாம். அந்த நிபந்தனை எது, அது எங்கே எழுதியிருக்கிறது, ரிக்கெற் விற்கும்போது அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று நான் கேட்டிருந்தேன். அவற்றுக்குப் பதிலே இல்லை. ஆகவே உங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்கிறேன். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினால் மற்றவர்கள் இது தங்களுக்கு இல்லை என்று வாசிக்காமல் விட்டுவிடுவீர்கள்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மொத்தமான ஆள். 2009 இல் இடுப்பிலும் தொடையிலும் ஷெல் துண்டுகள் பட்டபிறகு நடை குறைந்தது, நடை குறைய உடம்பு கூடியது. பிறகு தைரொயிட் வருத்தமும் சேர்ந்துகொண்டது. என் ஊரில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். ஒரு காலை இழந்து இருந்த இடத்தில் தொழில் செய்பவர்கள், இழுப்புக்கு வருடக்கணக்காக ஸ்டீரொயிட் குளிசை போட்டு வீங்கியவர்கள், பிள்ளை பெற்றபின் உடம்பு இறங்காத பெண்கள். ஒரு காரணமும் இல்லாமல், பிறப்பிலேயே பெருத்த உடம்புக்காரரும் இருக்கிறார்கள். காயத்தைச் சொன்னது என்னை அவர்களிடம் இருந்து பிரித்துக் காட்ட இல்லை. சாப்பாட்டால் பெருத்தவரும் இருந்துதான் பயணம் செய்யவேண்டும். அவரை அவமானப்படுத்தவும் உங்களுக்கு உரிமை கிடையாது.

மகளின் முதல் பேறுக்குத் துணைநிற்கக் கனடா போனேன். வன்னியில் என் வயதுப் பெண்கள் கடல் தாண்டுவது பெரும்பாலும் இதற்காகத்தான். ஏ9 வீதியோரம் இருக்கிற ஒரு ரவல்ஸில் ரிக்கெற் எடுத்தோம். அங்கே இருந்த தம்பி கடவுச்சீட்டில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். சைவச் சாப்பாடா என்று கேட்டார், சக்கர நாற்காலி வேணுமா என்று கேட்டார். என் உடம்பு அவருக்கு முன்னால்தான் இருந்தது. ஆசனம் காணுமா என்று மட்டும் கேட்கவில்லை. அவரில் குறை இல்லை. அவருடைய திரையில் அப்படி ஒரு கேள்வியை நீங்கள் வைக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு வான் ஏறி, வவுனியா, அநுராதபுரம், புத்தளம் தாண்டி இரவு கட்டுநாயக்க போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் இருந்த பிள்ளை கடவுச்சீட்டை வாங்கிவிட்டு எழும்பி நின்று, மேசைக்கு மேலால் எட்டி என் இடுப்பைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மேலதிகாரி ஒருவரைக் கூட்டிவந்தாள். அவரும் எட்டிப் பார்த்தார். ஆங்கிலத்தில் என்னவோ வேகமாகச் சொன்னார். என் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்த பொடியன்தான் குனிந்து, மெல்லிய குரலில், "அம்மா, ரெண்டாவது சீற் ஒண்டு எடுக்கவேணுமாம். இல்லாட்டி ஏத்தமாட்டினமாம்" என்றான். அந்தப் பொடியன் குரலைத் தாழ்த்திச் சொன்னதை உங்கள் மேலதிகாரி வரிசை முழுக்கக் கேட்கச் சொல்லியிருந்தார். பின்னால் நின்றவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். என்னிடம் படித்த ஒருத்தியின் தாய் இருந்தா.

அளவு நாடா ஒன்றும் அங்கே இல்லை. மாதிரிக்கு ஒரு ஆசனமும் இல்லை. எத்தனை அங்குலத்துக்கு மேல் போனால் இரண்டாவது ஆசனம் என்று எழுதிய கடதாசியும் இல்லை. கேட்டேன், காட்டவில்லை. இரண்டு பேருடைய கண்ணளவுதான் தீர்ப்பு.

கனடாவில் அப்போது பின்னேரம், மகள் நிறைமாதக்காரி. அவளுக்கு ஃபோன் எடுத்து, அம்மாவை ஏற்றமாட்டினமாம் என்று சொல்லவேண்டி வந்தது. அழுதுகொண்டே கிரெடிட் காட்டில் கட்டினாள். கட்டிய விலை, முதல் ரிக்கெற்றுக்குக் கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பறக்கும் நாளின் விலை அதுவாம். ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆசனங்கள். முன்பே சொல்லியிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் ஒரே விலைக்கு எடுத்திருப்போம். இந்தக் கடிதம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

அதோடு முடிந்திருந்தாலும் பொறுத்திருப்பேன். நடுவில் இறங்கி மாறிய விமானத்தில், வாசலில் நின்றவர் என் இரண்டு ஏறும் அட்டைகளில் ஒன்றை மட்டும்தான் இயந்திரத்தில் காட்டினார். மற்றதும் என் பெயரில் இருந்ததால் தவறுதலாக இரண்டாம் தடவை அச்சாகிவிட்டது என்று நினைத்திருக்கலாம். உள்ளே போனால் நான் காசு கட்டிய ஆசனத்தில் ஒருவர் இருக்கிறார். அந்தப் பயணி வரவில்லை என்று கணினி காட்டியதாம், காத்திருந்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். விமானம் நிறைந்துபோயிருந்தது. அவரும் காசு கட்டித்தான் வந்தவர். அத்திலாந்திக் தாண்டும்வரை அவர் ஒரு தோளை நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டு இருந்தார். சாப்பாட்டு வண்டி வரும்போதெல்லாம் அந்தத் தோளில் இடித்தது. ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயில் இருந்து வரவில்லை. எனக்கோ கைப்பிடிச் சட்டம் பழைய காயத்துக்கு நேரே அழுத்தியது. இறங்கியபின் பல நாள் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. பேத்தியைத் தூக்கவென்று போன நான் முதல் கிழமை அவளை மடியில் வைத்திருக்கவே இன்னொருவரின் உதவி வேண்டியிருந்தது.

அந்த மனிதரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். மொத்தமான ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பக்கத்தில் இருப்பவரின் இடத்தை நாங்கள் பறிக்கிறோம் என்று பலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் முழு ஆசனத்துக்குக் காசு கொடுத்தவர், முழு ஆசனம் அவருக்குக் கிடைக்கவேண்டும். ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற கைப்பிடிச் சட்டத்தை அந்த இடத்தில் வைத்தது நானும் இல்லை, அவரும் இல்லை. இரண்டு பேரிடமும் காசு வாங்கியவர் நீங்கள். எங்களை ஒருவரோடொருவர் உரசவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்கிறீர்கள்.

அந்தக் கைப்பிடிச் சட்டங்களுக்கு இடையில் எவ்வளவு இடம் என்று ஊர் வந்தபிறகு தேடி வாசித்தேன். சாதாரண வகுப்பு ஆசனங்களின் அகலம் பெரும்பாலும் 17 முதல் 18 அங்குலம். போயிங் 737 இல் 17 அளவில், எயார்பஸ் 320 இல் 18 அளவில். போயிங் 777 விமானம் வந்த காலத்தில் பல நிறுவனங்கள் ஒரு வரிசையில் 9 ஆசனங்கள் வைத்தன. இப்போது அதே விமானத்தில், அதே சுவர்களுக்கு இடையில், 10 ஆசனங்கள் வைப்பதுதான் வழக்கமாகிவிட்டது. அந்தப் பத்தாவது ஆசனத்துக்கு வேண்டிய அகலத்தை மற்ற ஒன்பது பேரின் இடுப்பில் இருந்தும் தோளில் இருந்தும்தான் எடுத்தீர்கள். நாங்கள் பெருத்துவிட்டோம் என்பது பாதிக் கதை. ஆசனம் சிறுத்தது என்பது மற்றப் பாதி, அதை ஒருவரும் கவுண்டரில் சொல்வதில்லை.

எங்கள் ஊரில் சட்டை தைக்கிற பிள்ளையிடம் போனால், நாடா வைத்து அளந்து, எவ்வளவு துணி வேணும் என்று கடைக்குப் போக முதலே சொல்லிவிடுவாள். துணியை வெட்டியபிறகு, காணாது, இன்னும் இரண்டு மடங்கு விலைக்கு வாங்கி வா என்று சொன்னால் அவளிடம் இரண்டாம் தடவை ஒருவரும் போகமாட்டார்கள். உங்களிடம் மட்டும் நாங்கள் திரும்பத் திரும்ப வரவேண்டியிருக்கிறது. பிள்ளைகள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள், வேறு வழி இல்லை.

செய்யமுடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. என் மகள் வாழும் நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. கல்கரியைச் சேர்ந்த லிண்டா மக்கே-பனோஸ் என்ற பெண் தொடுத்த வழக்கில், உடற்பருமனும் பயணத்தில் ஒரு மாற்றுத்திறன் தடையாக இருக்கலாம் என்று 2006 இல் கனடாவின் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2008 ஜனவரியில் கனடியப் போக்குவரத்து முகமை, மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கூடுதல் ஆசனம் தேவையென்றால் அதற்குத் தனிக் காசு வாங்கக்கூடாது என்று உத்தரவிட்டது. உதவிக்கு ஆள் தேவைப்படுவோருக்கும், பருமனால் உடல் இயக்கம் தடைப்பட்டவர்களுக்கும் அது பொருந்தும். ஒரு ஆளுக்கு ஒரு கட்டணம் என்பதே விதி. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2008 நவம்பரில் அந்த நீதிமன்றம் மேன்முறையீட்டைக் கேட்கவே மறுத்துவிட்டது. 2009 ஜனவரியில் விதி நடைமுறைக்கு வந்தது.

இதற்கு எவ்வளவு செலவாகும் என்றும் அந்த முகமை கணக்குப் பார்த்தது. எயார் கனடாவுக்கு ஒரு ரிக்கெற்றுக்குச் சுமார் 77 சதம், வெஸ்ட்ஜெட்டுக்குச் சுமார் 44 சதம். ஒரு கனடிய டொலர்கூட இல்லை. என் மகள் கவுண்டரில் இருந்த மேலதிகாரிக்காகக் கட்டிய தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த விதி கனடாவின் உள்நாட்டுப் பறப்புகளுக்கு மட்டும்தான். ரொறன்ரோவில் இருந்து வன்கூவர் போகும் ஒருவருக்கு உரிமையாகக் கிடைப்பது, கிளிநொச்சியில் இருந்து ரொறன்ரோ போகும் எனக்குக் கிடைக்காது. நாட்டு எல்லை தாண்டினால் உடம்பு சிறுத்துவிடுகிறதா? நீண்ட பறப்பில்தான் ஆசனம் கூடுதலாகத் தேவை.

மற்ற இடங்களில் நிலை கலந்துதான் இருக்கிறது. எயார் பிரான்ஸ் இரண்டாவது ஆசனத்தைக் கழிவு விலையில் விற்கிறது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் நீண்ட காலமாக இரண்டாவது ஆசனத்தின் காசைப் பயணம் முடிந்தபின் திருப்பிக் கொடுத்துவந்தது. 2026 ஜனவரி 27 முதல் அவர்களும் கையை இறுக்கிவிட்டார்கள். முன்கூட்டியே வாங்கவேண்டும், அந்தப் பறப்பில் ஆசனம் காலியாக இருந்தால்தான் காசு திரும்பும். எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. இருந்தாலும் விதி என்ன என்று வீட்டில் இருந்தே வாசிக்க முடிகிறது. 2013 அளவில் சமோவா எயார் என்ற சிறிய நிறுவனம் கிலோக் கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்கியது. மனிதரை எடைபோட்டு விற்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். அங்கேகூட ஆள் தன் நிறையைப் பதிவு செய்யும்போதே விலை தெரிந்துவிட்டது.

அமெரிக்க நாடாளுமன்றம் 2018 இல், ஆசனத்துக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்றைத் தீர்மானிக்கும்படி விமானப் போக்குவரத்து நிருவாகத்துக்குச் சட்டம் மூலம் ஒரு வருடக் கெடு கொடுத்தது. கெடு தாண்டிப் பல வருடங்கள் போயும் அந்த அளவு வரவில்லை. பெரிய நாடுகள் செய்யட்டும், பிறகு பார்ப்போம் என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். காத்திருந்தால் நடக்காது.

பாதுகாப்புக் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆசனப் பெல்ற் காணாமல் நீட்டிப்புப் பெல்ற் தேவைப்படுபவர் அவசர வாசல் வரிசையில் இருக்கக்கூடாது என்பது சரி. பலாலியில் இருந்து சென்னைக்குப் பறக்கும் ஏ.ரி.ஆர். போன்ற சிறிய விமானத்தில் நிறையைச் சமன்செய்து ஆட்களை இருத்தவேண்டும் என்பதும் விளங்குகிறது. நிறை தெரியவேண்டுமென்றால் மரியாதையாக அறியவும் வழி உண்டு. 2023 இல் எயார் நியூசிலாந்து ஒக்லண்டில் பயணிகளை நிறுத்துப் பார்த்தது. விரும்பியவர்கள் மட்டும் தராசில் ஏறினார்கள், பெயர் பதியவில்லை, இலக்கம் எந்தத் திரையிலும் தெரியவில்லை. உங்கள் கவுண்டரில் இருவர் எட்டிப் பார்த்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

பலாலியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமானபோது வன்னியில் நாங்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை. கட்டுநாயக்கவுக்கு மத்தியானத்தில் இருந்து இரவுவரை ஓடவேண்டிய இடத்தில், கிளிநொச்சியில் இருந்து காலையில் வெளிக்கிட்டு அன்றைக்கே சென்னையில் இறங்கலாம். அந்த வழியால் போகிறவர்களில் நிறையப் பேர் நோயாளிகள். முழங்கால் சத்திரசிகிச்சைக்கு, இருதயத்துக்கு, புற்றுநோய்க்கு என்று காணியை ஈடு வைத்துப் போகிறார்கள். நடக்கமுடியாமல் உடம்பு வைத்தவர்கள், மருந்தால் ஊதியவர்கள் அவர்களில் கட்டாயம் இருப்பார்கள். கவுண்டரில் வைத்து இரண்டாவது ஆசனம் எடு என்றால் அவர்களுக்குக் கிரெடிட் காட்டோடு காத்திருக்கிற மகள் இல்லை. திரும்பி வீட்டுக்குத்தான் வருவார்கள். வைத்தியசாலையில் எடுத்த நாள் போய்விடும். புதுக்குடியிருப்புப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஐயா, பிள்ளைகள் எவ்வளவு கேட்டும் விமானத்தில் ஏறமாட்டன் என்று நிற்கிறார். எனக்கு நடந்ததைக் கேட்டபிறகு இன்னும் உறுதியாக நிற்கிறார். வருத்தம் அவருக்குக் காத்திருக்காது.

இலங்கை 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆவது உறுப்புரை போக்குவரத்தையும் சொல்கிறது. இந்த நாட்டு மண்ணில் இருந்து ஆட்களை ஏற்றும் நீங்கள் அதை வாசித்திருக்கவேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் இந்தக் கடிதத்தை வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். கீழே கேட்பவற்றில் பலவற்றை அவர்கள் கட்டாயமாக்கினால்தான் எல்லா நிறுவனங்களும் செய்யும்.

நான் கேட்பது இவை.

ரிக்கெற் விற்கும் எல்லா இடத்திலும், இணையத்திலும் எங்கள் ஊர் ரவல்ஸ்களிலும், அந்தப் பறப்பில் வரும் ஆசனத்தின் அகலத்தை, இரண்டு கைப்பிடிச் சட்டங்களுக்கும் இடையில் அளந்து, அங்குலத்திலும் சென்ரிமீற்றரிலும் எழுதுங்கள். பொதிக்கு எத்தனை கிலோ என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள்தானே, அதற்குப் பக்கத்திலேயே போடுங்கள். கூடுதல் ஆசன விதியையும் அங்கேயே, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி.

சக்கர நாற்காலி வேணுமா என்று கேட்கும் அதே இடத்தில், கூடுதல் ஆசனம் வேணுமா என்ற கேள்வியை முகவர்களின் திரையில் வையுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஆசனம் எடுப்பது எப்படி என்று முகவர்களுக்குப் பழக்குங்கள். இணையத்தில் இரண்டு தடவை ஒரே பெயரைப் போட்டால் பதிவு குழம்புகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

கூடுதல் ஆசனத்தின் விலை எந்த நாளில் கேட்டாலும் முதல் ஆசனத்துக்குக் கொடுத்த விலைக்கு மேல் போகக்கூடாது. ஆளுக்கு வாங்கும் விமான நிலைய வரிகளை வெறும் ஆசனத்தில் ஏற்றாதீர்கள். அந்தப் பறப்பில் வேறு ஆசனம் காலியாக இருந்தால் காசை, நாங்கள் கேட்காமலே, திருப்பிக் கொடுங்கள். நோயாலோ காயத்தாலோ பருத்தவர் என்று அரச வைத்தியர் எழுதிக்கொடுத்தால் இரண்டாவது ஆசனத்துக்குக் காசே வாங்காதீர்கள். 77 சதக் கணக்கை மேலே எழுதியிருக்கிறேன்.

விலை கொடுத்து எடுத்த இரண்டாவது ஆசனத்தை எந்தக் காரணத்துக்காகவும் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு அட்டைகளையும் வாசலில் காட்டவேண்டியது உங்கள் ஊழியரின் பொறுப்பு, பயணியின் பொறுப்பு இல்லை.

கவுண்டரில் சந்தேகம் வந்தால், தனி இடத்தில், மாதிரி ஆசனம் ஒன்றில் இருத்திப் பார்த்து, பயணிக்கு விளங்கும் மொழியில், பயணியிடமே பேசுங்கள். மேசைக்கு மேலால் எட்டிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். முன்கூட்டி எச்சரிக்காமல் ரிக்கெற் விற்றுவிட்டு, அந்த அகலத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஏற்ற மறுத்தால், அடுத்த பறப்பில் இரண்டு ஆசனத்தை உங்கள் செலவில் கொடுங்கள். தங்குமிடமும், கிளிநொச்சியோ முல்லைத்தீவோ மன்னாரோ, அவர் வந்த ஊருக்குத் திரும்பிப் போய்வர வேண்டிய செலவும் அதில் சேரும்.

என் முறைப்பாட்டை மூடிய நிறுவனத்திடம் தனியாகக் கேட்பது ஒன்று. நான் காசு கட்டியும் எனக்குத் தராமல் வேறொருவருக்குக் கொடுத்த அந்த ஆசனத்தின் முழுப் பணத்தையும் என் மகளின் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். கவுண்டரில் எனக்குக் காட்ட மறுத்த அந்த நிபந்தனையின் பிரதியை, அது எந்தத் திகதியில் எழுதப்பட்டது என்ற விபரத்தோடு, தமிழில் எனக்கு அனுப்புங்கள். என் முகவரி உங்கள் கோப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
கிளிநொச்சியில் இருந்து ஒரு பயணி